ஊர்ப்பேச்சும் ஊர்ப்பதிவேடும்

பெருங்குற்றம் ஒன்று ஓரிடத்திலேதான் நிகழ்கின்றது. ஆனால், அதன் கதையோ பல ஊர்களிற் சென்று குடியேறிவிடுகின்றது. குற்றவாளி யாரென்று தெரியாது போனால் இக்குடியேற்றம் இன்னும் விரைவாக நடைபெறும். "அவன் எங்கள் ஊரிற் பிறந்தவனாம்", "அந்த வீட்டில் வாழ்ந்தவனாம்", "இந்தச் சேமக்காலையில் அடக்கமாகி இருப்பவனாம்" என்று ஊர்கள் தோறும் பேச்செழும். இப்பேச்சுக்களை ஆராய்வதும் வரலாற்று மாணவனின் கடமைகளுள் ஒன்றே. எவ்வாறு ஆராய்வது என்பதற்கு விக்டோரியா மகாராணி காலத்து இங்கிலாந்தில் நிகழ்ந்த ஒரு கொலைத் தொடர் தக்க பாடமாக அமைந்திருக்கின்றது. அதனையே இன்று உங்கள் முன் வைக்க விரும்புகின்றேன்.

1888 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாத இறுதியில் இலண்டன் மாநகரின் கீழ்ப்பகுதியாகிய வைற்சப்பலில் மேரி ஆன் நிக்கல்ஸ் என்னும் பெண் நள்ளிரவு கழிந்த வேளையில் வீதியிற் கொல்லப்பட்டுக் கிடந்தாள். செப்டெம்பர் 8 ஆந் திகதி விடியற்காலையில் அனி சப்மன் என்பவள் ஒரு வீட்டின் பின்முற்றத்திற் பிணமாகக் காணப்பட்டாள். செப்டெம்பர் 30 ஆந் திகதி ஒரே இரவில் எலிசபெத் ஸ்ரைட், கதரின் எடோஸ் என்னும் இருவர் மாண்டனர். நவம்பர் 9 ஆந் திகதி மேரி ஜேன் கெலி தனது வாடகை அறையிலேயே கொலையுண்டாள். வறுமை மிக்க அப்பகுதியில், ஓரிரவு படுக்கைக்குச் சில பென்ஸ் கொடுக்க வழியின்றி அலைந்த பெண்கள் இவர்கள். கொலைகாரன் அகப்படவில்லை. அக்காலச் செய்தி நிறுவனம் ஒன்றுக்கு வந்த கடிதத்திற் காணப்பட்ட 'ஜாக் த ரிப்பர்' என்ற புனைபெயர் மட்டும் உலகெங்கும் பரவியது. அக்கடிதமும் பத்திரிகையாளர் ஒருவரின் கைச்சரக்கே என்று பொலிசார் பலர் கருதினர்.

பெயர் இருக்கின்றது; ஆள் இல்லை. இந்த வெற்றிடத்தை நிரப்ப, நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நூற்றுக்கு மேற்பட்ட மனிதர்களின் பெயர்கள் முன்மொழியப்பட்டு வந்துள்ளன. வைத்தியர், ஓவியர், நாவிதர், அரச குடும்பத்தவர் எனப் பலரும் இப்பட்டியலில் அடங்குவர். அவர்களுள் ஒருவரை எடுத்துக்கொண்டு, அவர் பிறந்த ஊர், படித்த கல்லூரி, விளையாடிய மைதானம், இறந்த துறை ஆகியவற்றின் பதிவேடுகள் அவரைப்பற்றி என்ன சொல்கின்றன என்று பார்ப்போம்.

1894 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் இலண்டன் பத்திரிகை ஒன்று, தோமஸ் கற்புஷ் என்ற சித்தசுவாதீனமற்ற ஒருவனே வைற்சப்பற் கொலைகாரன் என்ற கருத்துப்பட எழுதியது. அதனை மறுப்பதற்காகப் பொலிஸ் உயர் அதிகாரியாகிய மெல்வில் மக்நாட்டன் ஒரு குறிப்புரை வரைந்தார். கற்புஷைவிடக் கூடுதலாகச் சந்தேகிக்கத்தக்கவர்கள் மூவர் உளர் என்று அதிற் கூறினார். ட்ரூவிற், கொஸ்மின்ஸ்கி, ஒஸ்ட்ரொக் என்பன அம்மூவர் பெயர்கள். எவர்மீதும் குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்பதையும் அவரே அக்குறிப்பில் ஒப்புக்கொண்டார். இங்கு ஒன்றை நினைவிற் கொள்ளல் வேண்டும். மக்நாட்டன் பொலிஸ் சேவையிற் சேர்ந்தது 1889 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில். கொலைகள் நடந்த காலத்தில் அவர் அப்பதவியில் இருக்கவில்லை. அவர் எழுதியது கண்டது அன்று, கேட்டதே.

அக்குறிப்புரை நெடுங்காலம் வெளியுலகுக்குத் தெரியாதிருந்தது. 1959 இல் டானியல் பார்சன் என்னும் ஒளிபரப்பாளர், மக்நாட்டனின் மகளிடமிருந்த பிரதியைப் பார்வையிட்டுத் தொலைக்காட்சியிற் பேசினார். அப்பொழுது அவர் பெயரின் முதலெழுத்துக்களை மாத்திரமே வெளியிட்டார். 1965 இல் ரொம் கலன் என்பவர் தமது நூலில் முழுப்பெயரையும் அச்சிட்டார். மொன்டேகு ஜோன் ட்ரூவிற் என்ற பெயர் அன்று முதல் உலகறிந்ததாயிற்று. டோசெற் மாகாணத்திலுள்ள விம்போண் என்னும் சிறு நகரமும் அன்று முதல், விரும்பியோ விரும்பாமலோ, ஒரு கொலைக்கதையின் பங்காளியாயிற்று.

யார் இந்த ட்ரூவிற்? ஊர்ப்பதிவுகளைக் கேட்போம். 1857 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 15 ஆந் திகதி விம்போணிற் பிறந்தவர். தந்தையார் வில்லியம் ட்ரூவிற் அந்நகரின் முதன்மையான சத்திர வைத்தியர். மகன் வின்செஸ்ரர் கல்லூரியிற் புலமைப்பரிசில் பெற்றுப் படித்து, ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்தின் நியூ கல்லூரியில் 1880 இற் பட்டம் பெற்றார். பின்னர் இலண்டனின் தென்கிழக்கே பிளாக்ஹீத் என்னுமிடத்திலிருந்த ஒரு விடுதிப் பாடசாலையில் ஆசிரியரானார். அதனுடன் சட்டமும் பயின்று, 1885 இல் இன்னர் ரெம்பிளில் பாரிஸ்டராகச் சேர்த்துக்கொள்ளப்பட்டார். கிறிக்கெற் விளையாட்டில் மிகுந்த ஈடுபாடுடையவர். 1884 இல் எம்.சி.சி. கழகத்தின் அங்கத்தவரானார். பிளாக்ஹீத் கழகத்தின் கௌரவ காரியதரிசியாகவும் தனாதிகாரியாகவும் பணியாற்றினார்.

இவரது முடிவு துயரமானது. 1888 டிசெம்பர் 31 ஆந் திகதி சிசிக் பகுதியில் தேம்ஸ் நதியில் இவரது உடல் மிதக்கக் காணப்பட்டது. சட்டைப்பைகளிற் கற்கள் இருந்தன. பணமும், காசோலைகளும், கைக்கடிகாரமன்றிச் சங்கிலியுடன் கூடிய பைக்கடிகாரமும், ஹமர்ஸ்மித்திலிருந்து சாரிங் குரொஸ் திரும்புவதற்கான டிசெம்பர் 1 ஆந் திகதியிட்ட புகையிரதச் சீட்டும் இருந்தன. ஒரு மாதமளவு நீரில் கிடந்த உடல் அது. மரண விசாரணையில் சாட்சியமளித்தவர் போண்மத் நகரிற் சட்டத்தரணியாயிருந்த தமையனார். தாயைப்போலத் தாமும் ஆகிவிடப் போகிறேன் என்ற அச்சத்தைத் தெரிவிக்கும் கடிதமொன்று அவ்விசாரணையிற் காட்டப்பட்டது. தாயார் அவ்வாண்டு ஜூலை மாதம் முதல் சித்தசுவாதீனமற்றோர் விடுதியில் இருந்தவர். மனம் பேதலித்த நிலையில் தற்கொலை என்று தீர்ப்பளிக்கப்பட்டது. 1889 ஜனவரி 3 ஆந் திகதி விம்போண் சேமக்காலையில் நல்லடக்கம் நடைபெற்றது.

இனி மக்நாட்டனின் குறிப்பை இப்பதிவுகளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். ட்ரூவிற் ஒரு வைத்தியர் என்கின்றது குறிப்பு. கல்லூரிப் பதிவேடும் சட்ட நிறுவனத்தின் இடாப்பும் அவர் ஆசிரியரும் பாரிஸ்டருமாவார் என்கின்றன. வைத்தியராயிருந்தவர் தந்தையே. மகள் வசமிருந்த பிரதியில் வயது ஏறத்தாழ 41 என்று காணப்படுகின்றது. பிறப்புப் பதிவின்படி இறக்கும்போது அவருக்கு வயது 31. கடைசிக் கொலை நடந்த காலத்திலேயே அவர் மறைந்துவிட்டார் என்கின்றது குறிப்பு. அக்கொலை நவம்பர் 9 ஆந் திகதி நடந்தது. நவம்பர் 27 ஆந் திகதி அவர் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் நின்று ஒரு வழக்கை நடத்தி வெற்றியும் பெற்றார். தொழில், வயது, மறைந்த நாள் ஆகிய மூன்றிலும் உண்மையோடு பொருந்தாத ஒரு குறிப்பு, குற்றத்தைப்பற்றி மட்டும் சரியாகச் சொல்லியிருக்கும் என்று எதைக்கொண்டு நம்புவது?

எனினும் அவசரப்படுதலும் ஆகாது. குறிப்பின் அடிப்படை எது என்று வினவுதல் வேண்டும். தமக்குக் கிடைத்த தனிப்பட்ட தகவலின்படி, ட்ரூவிற்றின் குடும்பத்தாரே அவரைச் சந்தேகித்தனர் என்று மக்நாட்டன் எழுதுகின்றார். அந்தத் தகவலைக் கொடுத்தவர் யாரென்று அவர் கூறவில்லை. ஆனால் டோசெற்றில் அத்தகைய பேச்சொன்று உலாவியது உண்மை. 1891 பெப்ரவரியில் மேற்கு இங்கிலாந்தைச் சேர்ந்த பாராளுமன்ற உறுப்பினர் ஒருவர், கொலைகாரன் ஒரு சத்திர வைத்தியரின் மகன் என்றும், கடைசிக் கொலை நடந்த இரவிலேயே தற்கொலை செய்துகொண்டவன் என்றும் பேசித்திரிவதாகப் பத்திரிகையில் வெளிவந்தது. அவ்வுறுப்பினர் மேற்கு டோசெற் தொகுதியின் ஹென்றி பார்குவார்சன் என்று பிற்கால ஆய்வாளர் கண்டறிந்தனர். அவரது மாளிகை விம்போணிலிருந்து அதிக தூரத்தில் இல்லை. ஊர்ப்பேச்சு மாளிகையை எட்டி, மாளிகையிலிருந்து தலைநகரை எட்டியிருக்கக் கூடும் என்று கருத இடமுண்டு. இப்பேச்சிலும் பிழை இருக்கின்றது. தற்கொலை கொலையிரவில் நடைபெறவில்லை. சில வாரங்கள் கழித்தே நடந்தது. மேலும், பார்குவார்சன் நாவடக்கத்துக்குப் பெயர்போனவர் அல்லர். தேர்தலில் தம்மை எதிர்த்தவரைப்பற்றி அவதூறு கூறியதற்காக நீதிமன்றத்தில் வழக்கிலே தோற்றவர் அவர். உயிரோடிருந்த எதிராளி வழக்குத் தொடுத்தான். இறந்துபோன ட்ரூவிற்றோ வழக்குத் தொடுக்க முடியாதவர். மாண்டோரின் மானத்துக்கு ஆங்கிலேயச் சட்டத்திற் பாதுகாப்பு இல்லை.

இந்நிலையில் எதிர்பாராத ஒரு திசையிலிருந்து சாட்சியம் வந்தது. அது கிறிக்கெற் மைதானத்திலிருந்து வந்தது. 1973 இல் கிறிக்கெற் வரலாற்றாசிரியராகிய ஏர்விங் ரோசன்வாட்டர், பழைய ஆட்டப்பதிவுகளைத் துருவி ஒரு கட்டுரை எழுதினார். 1888 ஆம் ஆண்டின் கோடை முழுவதும் ட்ரூவிற் எங்கெங்கு விளையாடினார் என்பது அவற்றிலிருந்து புலனாகின்றது. ஓகஸ்ட் 3 ஆம் 4 ஆந் திகதிகளில் போண்மத் கனவான்களின் அணியிற் சேர்ந்து, இந்தியாவிலிருந்து சுற்றுப்பயணம் வந்திருந்த பார்சிகளின் அணிக்கெதிராக ஆடி, முதல் இன்னிங்சில் ஐந்து விக்கெற்றுக்களை வீழ்த்தினார். ஆயினும் ஆட்டத்தில் வென்றவர்கள் பார்சிகளே. செப்டெம்பர் 1 ஆந் திகதி, அதாவது நிக்கல்ஸ் கொலையுண்டதற்கு மறுநாள், விம்போணுக்கு அண்மையிலுள்ள கான்போட்டில் விளையாடினார். செப்டெம்பர் 8 ஆந் திகதி காலை பதினொன்றரை மணிக்குப் பிளாக்ஹீத் மைதானத்தில் இறங்கினார். அன்று விடியற்காலையிலேதான் அனி சப்மன் கொல்லப்பட்டாள்.

இச்சான்று ட்ரூவிற்றை முற்றாக விடுவிக்கின்றதா? இல்லை. இங்குதான் ஆராய்ச்சியாளனின் நேர்மை சோதனைக்குள்ளாகின்றது. ஓகஸ்ட் 31 விடியலுக்கும் மறுநாள் ஆட்டத்துக்கும் இடையில் ஒரு முழுநாள் இருந்தது. இலண்டனிலிருந்து டோசெற்றுக்குப் புகையிரதத்திற் செல்லச் சில மணித்தியாலங்கள் போதும். வைற்சப்பலுக்கும் பிளாக்ஹீத்துக்கும் இடையே தூரமும் அதிகமன்று. காலை ஐந்தரை மணிக்குக் கொலை செய்தவன் பதினொன்றரை மணிக்கு மைதானத்தில் நிற்பது கூடாத காரியமன்று. எனவே சட்டத்தின் மொழியில் இதனை வேற்றிடச் சான்று என்று சொல்ல முடியாது. ஆனால், கொலைகாரன் என்று ஒருவனைச் சாட்டுவோர் இப்படியொரு கோடைகாலத்தை விளக்கியாக வேண்டும். விடியற்காலையிற் கீழ்இலண்டனிற் கொலை, உடை மாற்றிக்கொண்டு பிளாக்ஹீத்தில் அமைதியாக ஆட்டம், வாரநாட்களிற் பாடசாலைக் கடமை, இடையிடையே நீதிமன்றம். இது நடந்திருக்கலாம் என்று சொல்வது எளிது. நடந்தது என்பதற்குப் பதிவேட்டில் ஒரு வரியேனும் கிடையாது.

பதிவேடு என்றவுடன் அதனைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றுக்கொள்ளலாம் என்று எண்ணுதலும் தவறு. ட்ரூவிற்றின் மரண விசாரணையை விரிவாக வெளியிட்டது சிசிக் பகுதியின் உள்ளூர்ப் பத்திரிகை. 1889 ஜனவரி 5 ஆந் திகதி இதழில் அச்செய்தி காணப்படுகின்றது. தமையனார் பிளாக்ஹீத் சென்று விசாரித்ததாகவும், பாடசாலையில் ஏதோ பெருஞ்சிக்கலில் அகப்பட்டுத் தம்பி வேலைநீக்கம் செய்யப்பட்டிருந்ததாகவும் அது கூறுகின்றது. பின்னர் டிசெம்பர் 30 என்று ஒரு திகதியையும் தருகின்றது. அத்திகதி வேலைநீக்க நாளைக் குறிக்கின்றதா, அல்லது தமையனார் விசாரிக்கச் சென்ற நாளைக் குறிக்கின்றதா? வாக்கியம் இரு பொருளுக்கும் இடந்தருகின்றது. டிசெம்பர் 30 இல் ட்ரூவிற் உயிரோடில்லை. ஆகவே, நவம்பர் 30 என்பது அச்சுப்பிழையால் மாறிற்று என்று சிலர் கொண்டனர். தமையனார் சென்ற நாளே அது என்று வேறு சிலர் கொண்டனர். இதற்கிடையில் டிசெம்பர் 21 ஆந் திகதி பிளாக்ஹீத் கழகத்தின் கூட்டக்குறிப்பு, காரியதரிசி வெளிநாடு சென்றுவிட்டமையால் பதவியினின்று நீக்கப்படுகிறார் என்கின்றது. வெளிநாடு சென்றவராகக் கருதப்பட்ட மனிதர் உண்மையில் தேம்ஸ் நதியின் அடியிற் கிடந்தார். ஏட்டில் இருப்பதெல்லாம் உண்மையன்று. எழுதியவன் அன்று நம்பியதே ஏட்டில் இருக்கின்றது.

வேலைநீக்கத்துக்குக் காரணம் எந்தப் பதிவிலும் கூறப்படவில்லை. அந்த மௌனத்தின்மேற் பலர் கோபுரம் கட்டியிருக்கின்றனர். அதனை இங்கு ஒப்புவிக்க நான் விரும்பவில்லை. தந்தையை இழந்து, தாயை மனநோய் விடுதியில் விட்டு, தொழிலையும் இழந்த ஒருவர் தற்கொலை செய்துகொண்டார் என்பதற்கு விளக்கந் தேட வைற்சப்பலுக்குப் போக வேண்டிய அவசியமில்லை.

இன்னொரு வேடிக்கையையும் கூறவேண்டும். ட்ரூவிற்றின் ஒன்றுவிட்ட சகோதரரான லயனல் ட்ரூவிற் என்னும் வைத்தியர் அவுஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்தவர். அவர் கீழ்இலண்டன் கொலைகாரனைத் தாம் அறிந்ததாக ஒரு சிறுநூல் எழுதினார் என்றும், அது 1890 இல் விக்டோரியா மாநிலத்தின் டண்டினோங் என்னுமூரில் அச்சிடப்பட்டது என்றும் ஒரு கதை பார்சனிடம் வந்து சேர்ந்தது. தேடியவர் பலர். ஒரு பிரதியேனும் அகப்படவில்லை. இருக்கிறது என்று கேள்விப்பட்டவர்கள் உண்டு, கண்டவர் எவருமில்லை. அத்தகைய நூலைச் சான்றாகக் கொள்ளுதல், ஆற்றிலே போட்டுவிட்டுக் குளத்திலே தேடுவதனிலும் வீணான காரியம்.

மக்நாட்டன் குறித்த மற்றிருவரையும் ஊர்ப்பதிவேடுகளே அளந்து காட்டின. ஒஸ்ட்ரொக் என்பவன் ரஷ்ய வைத்தியன் என்றும் கொடிய பித்தன் என்றும் குறிப்பு கூறுகின்றது. உண்மையில் அவன் பல பெயர்களில் உலாவிய திருடனும் ஏமாற்றுக்காரனுமாவான். பிரெஞ்சுப் பதிவுகளை ஆராய்ந்தபொழுது, 1888 ஜூலை மாதம் அவன் பாரிஸ் நகரிற் கைதாகியிருந்ததும், நவம்பரில் அங்கு இரண்டாண்டுச் சிறைத்தண்டனை பெற்றதும் வெளியாயின. வைற்சப்பலிற் கொலைகள் நிகழ்ந்த காலத்தில் அவன் பிரான்சிற் காவலில் இருந்தான். பொலிஸ் உயர் அதிகாரி ஒருவர் கைப்பட எழுதிய சந்தேகத்தைச் சிறைச்சாலை இடாப்பு ஒன்று ஒரே நாளில் அழித்துவிட்டது.

கொஸ்மின்ஸ்கியின் கதை இவ்வளவு தெளிவானதன்று. மக்நாட்டன் குலப்பெயரை மாத்திரமே எழுதி, 1889 மார்ச் அளவில் அவன் சித்தசுவாதீனமற்றோர் விடுதியில் அடைக்கப்பட்டான் என்றார். 1987 இல் மார்ட்டின் பைடோ என்னும் ஆசிரியர் விடுதிகளின் அனுமதி இடாப்புக்களைத் தேடினார். அகப்பட்டவர் ஆரன் கொஸ்மின்ஸ்கி என்ற போலந்து நாட்டு யூத நாவிதர். அவர் கோல்னி ஹச் விடுதியில் அனுமதிக்கப்பட்டது 1891 பெப்ரவரியில். மற்றொரு பொலிஸ் அதிகாரியாகிய ஸ்வான்சன் தமது புத்தக ஓரத்தில் எழுதிவைத்த குறிப்பின்படி கொஸ்மின்ஸ்கி விடுதி சேர்ந்து சிறிது காலத்தில் இறந்தார். விடுதிப் பதிவின்படி அவர் இறந்தது 1919 இல். பிற்காலத்தில், கொலையுண்ட எடோஸினுடையது என்று சொல்லப்பட்ட ஒரு சால்வையின் மரபணுச் சோதனையைக் கொண்டு அவரே கொலைகாரர் என்று 2014 இலும் 2019 இலும் பறைசாற்றப்பட்டது. எடோஸின் உடலிற் காணப்பட்ட பொருட்களைப் பொலிசார் அன்று ஒன்றொன்றாக எழுதிவைத்தனர். அப்பட்டியலில் அச்சால்வை இல்லை. எங்கிருந்து வந்தது என்று தெரியாத துணியிலிருந்து எவ்வளவு நுட்பமான விஞ்ஞானமும் உண்மையைப் பிழிந்தெடுக்க இயலாது. அக்காலத்துக் கீழ்இலண்டனில் யூத குடியேறிகள்மீது எவ்வளவு வெறுப்பு நிலவியது என்பதை அறிந்தவர்கள், இத்தகைய குற்றச்சாட்டை இருமடங்கு எச்சரிக்கையோடு அணுகுவர்.

உண்மையிலேயே கொலை செய்தவர்களும் இக்கதையில் இழுக்கப்பட்டதுண்டு. கீழ்இலண்டனில் வாழ்ந்த வில்லியம் பெரி என்பவன் 1889 ஜனவரியில் மனைவியுடன் ஸ்கொட்லாந்தின் டண்டீ நகருக்குக் கப்பலேறினான். பெப்ரவரியில் அங்கு மனைவியைக் கொன்றான். அவ்வீட்டுக் கதவின் பின்புறத்தில் ரிப்பரைக் குறித்துச் சுண்ணக்கட்டியால் எழுதப்பட்டிருந்தது. ஏப்ரல் 24 ஆந் திகதி அவன் தூக்கிலிடப்பட்டான். டண்டீயிற் கடைசியாகத் தூக்கிலிடப்பட்டவனும் அவனே. அவன் வைற்சப்பலிலும் கொலைகாரனாக இருந்தானா என்பது அவன் மனைவியைக் கொன்றதனால் தீர்மானிக்கப்படுவதன்று. அவ்வாறே தோமஸ் நீல் கிறீம் என்ற நஞ்சூட்டி 1892 இல் இலண்டனிற் தூக்குமேடையிலே நின்று, 'நானே ஜாக்' என்று சொல்லத் தொடங்கினான் என்றொரு கதை உண்டு. அமெரிக்காவின் இலினோய் மாநிலச் சிறைப்பதிவு, 1881 முதல் 1891 வரை அவன் அங்கே ஆயுட்கைதியாக இருந்தமையைக் காட்டுகின்றது. தூக்குமேடைக் கதையைச் சிறைப்பதிவு வென்றது.

நேயர்களே, இவ்வளவும் கேட்டபின் ஓர் ஐயம் எழலாம். நூறாண்டுக்கு முன் இறந்தவர்களைப்பற்றி இவ்வளவு அலசுவதனால் யாருக்கு என்ன இலாபம்? இருசாராருக்கு உண்டு என்பேன்.

முதலாவது, சாட்டப்பட்டவர்கள். ட்ரூவிற் எந்த நீதிமன்றத்திலும் இக்கொலைகளுக்காக நிறுத்தப்பட்டவர் அல்லர். உயிரோடிருந்தபோது எந்தப் பொலிசாரும் அவரிடம் ஒரு கேள்வியேனும் கேட்டதற்குப் பதிவில்லை. இருந்தும் விம்போணிலுள்ள அவரது கல்லறையைத் தேடி வருவோர் ஓர் ஆசிரியரின் கல்லறையைப் பார்க்க வருவதில்லை. ஊர்ப்பற்றினாலோ, ஊர்ப்பெயரை உலகறியச் செய்யும் ஆசையினாலோ ஒருவரின் பெயரில் இப்பழியை ஏற்றுவது, சாட்சியின்றித் தண்டனை விதிப்பதற்கு ஒப்பாகும்.

இரண்டாவது, கொல்லப்பட்டவர்கள். கொலைகாரனுக்கு ஊர் தேடியவர்கள் ஆயிரம்பேர். கொலையுண்ட பெண்களுக்கு ஊர் தேடியவர்கள் நெடுங்காலம் மிகச் சிலரே. எலிசபெத் ஸ்ரைட் 1843 இல் சுவீடன் நாட்டில் கொதன்பேர்க் நகருக்கு அண்மையில் ஒரு கமக்காரன் வீட்டிற் பிறந்து, 1866 இல் இலண்டன் வந்தவள் என்பதை அந்நாட்டுத் தேவாலயப் பதிவுகள் காட்டுகின்றன. கதரின் எடோஸ் 1842 இல் வூல்வர்ஹம்ரனிற் தகரத் தொழிலாளி ஒருவரின் மகளாகப் பிறந்தவள். அனி சப்மன் வின்சர் அருகே வண்டியோட்டியாக வேலைசெய்த ஒருவரின் மனைவி. கணவர் வாரந்தோறும் அனுப்பிவந்த பத்து சிலிங் 1886 இறுதியில் அவர் இறந்ததும் நின்றுபோயிற்று. அதன்பின்னரே அவள் வாழ்வு முற்றாகச் சரிந்தது. மேரி ஆன் நிக்கல்ஸ் ஒரு கொல்லரின் மகள்; அச்சகத் தொழிலாளி ஒருவரின் மனைவி. மேரி ஜேன் கெலிக்கோ எந்த ஊரின் பதிவேடும் இதுவரை உறுதியாகச் சாட்சி சொல்லவில்லை. அவளோடு வாழ்ந்தவர் விசாரணையிற் சொன்ன கதை மட்டுமே எஞ்சியிருக்கின்றது. 2019 இல் ஹலி றூபன்ஹோல்ட் என்னும் வரலாற்றாசிரியை இவ்வைந்து பெண்களின் வாழ்க்கையையே பொருளாக்கி ஒரு நூல் எழுதினார். கொலைகளைப்பற்றிய ஆராய்ச்சி ஒரு நூற்றாண்டு நடந்தபின், கொல்லப்பட்டவர்களைப்பற்றிய முழுநூல் ஒன்று பரவலாகப் படிக்கப்பட்டது அப்பொழுதுதான்.

வரலாறு கற்பிக்கும் தொழிலிற் பல ஆண்டுகள் கழித்தவர் என்ற முறையில், ஊர்வரலாறு எழுதப் புகும் இளைஞருக்கு இக்கதையிலிருந்து சில நெறிகளைச் சொல்ல விரும்புகின்றேன். யார் சொன்னது என்பதற்கு முன், சொன்னவர் கண்டவரா கேட்டவரா என்று வினவுக. பெரிய பதவியிலிருந்தவர் எழுதியது என்பதனால் ஒன்று உண்மையாகிவிடாது. மக்நாட்டனைச் சிறைக்காவலன் ஒருவனின் இடாப்பு திருத்திற்று. எந்தச் செய்தியையும் அதனோடு தொடர்பில்லாத வேறொரு நோக்கத்துக்காக எழுதப்பட்ட பதிவோடு ஒப்பிடுக. கிறிக்கெற் ஓட்டங்களை எண்ணியவன் கொலையைப்பற்றி எண்ணவில்லை. அதனாலேயே அவனுடைய சாட்சியம் பக்கம் சாராதது. ஓர் ஊர் இவனைத் தன் மகனென்று கூறுகின்றதென்றால், அதனால் அவ்வூருக்கு என்ன கிடைக்கின்றது என்று கேளுங்கள். பதிவேடு மௌனமாயிருக்குமிடத்தில் நாமும் மௌனமாயிருக்கக் கற்றுக்கொள்ளுங்கள். இவற்றுள் கடைசி நெறியே மிகக் கடினமானது. கதை சொல்லும் ஆசை மனிதனுக்கு இயல்பாகவே உண்டு. வெற்றிடத்தைக் கண்டால் அதனை நிரப்பாமல் அவனுக்கு இருக்க முடிவதில்லை.

வைற்சப்பற் கொலைகாரன் யார் என்ற வினாவுக்கு விடை இன்றில்லை. அவ்விடை கிடையாமலே போகலாம். ஆயினும் யார் யார் கொலைகாரர் அல்லர் என்பதை ஊர்ப்பதிவேடுகள் ஒவ்வொன்றாகக் காட்டி வந்திருக்கின்றன. பாரிஸ் சிறையிலிருந்தவன் அல்லன். இலினோய் சிறையிலிருந்தவன் அல்லன். பழியைச் சுமத்துவதற்கு ஒரு வாய்ப்பேச்சுப் போதும். அதனை இறக்கிவைப்பதற்கோ ஒருவர் தூசி படிந்த ஏடுகளைப் பல நாட்கள் புரட்ட வேண்டியிருக்கின்றது. அவ்வேலையைச் செய்பவர்களுக்குப் புகழ் கிடைப்பது அரிது. அவர்கள் புத்தகங்களும் அதிகம் விற்பனையாவதில்லை. எனினும், பேசமுடியாத மாண்டோருக்காக வழக்காடும் ஒரே சட்டத்தரணி அவர்களே.